ஆணையம் கேட்டால் யார் பெயரைச் சொல்வது

திண்டிவனம்,
4.8.2025

அன்புள்ள தம்பி தேவாவுக்கு,

அக்கா ரோஜா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஆர்த்திக்கு இடுப்பு வலி தேவலையா? போனில் எதுவும் பேச வேண்டாமென்று வக்கீல் சொன்னதால்தான் இந்தக் கடிதம்.

ஏரிக்கரை உடைந்ததை விசாரிக்கிற ஆணையம் உனக்குச் சம்மன் அனுப்பியது தெரிந்ததிலிருந்து உன் மாமா மல்லாட்டை மண்டிக்கே கடலை வாங்கப் போவதில்லை. நேற்று உட்கார வைத்துச் சொன்னார்: "ஏரி மதகு ஷட்டரை நானாத்தான் தூக்காம உட்டேன்னு உன் தம்பிய சொல்லச் சொல்லு. கமிஷன்ல சொல்றத வச்சி அவன் மேல கேஸு போட முடியாதாம். சட்டமே அப்டிதான் இருக்குதாம்."

உனக்கும் ஒன்றும் ஆகாது, இந்த வீட்டு மானமும் போகாது. யோசித்துப் பார், கண்ணு.

உன் அக்கா
ரோஜா

காணை,
11.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆர்த்திக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. நானும் அலுத்துப்போயிருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஏரி நிரம்பியபோது எஞ்சினியர், "ஜல்தி ஷட்டரைத் தூக்குய்யா" என்று கத்தினார். பரம்பரை முறைப்படி உன் புகுந்த வீட்டார் வந்து கிடா வெட்டிக் கும்பிட்ட பிறகுதான் நம் ஊரில் ஷட்டரைத் தூக்குவது வழக்கம். அரசாங்கச் சம்பளத்தில் ஷட்டர் பார்க்கிற நானும் அதையே பார்த்து வளர்ந்தவன்தானே! அப்போது உன் போனிலிருந்து மாமா பேசினார். "கிடாவோட வந்துக்கினு இருக்கேன்டா. வர்ற வரைக்கும் ஷட்டரைத் தொடாத." நான் தொடவில்லை. அவர் வந்து சேருவதற்குள் கரை உடைந்து, கீழ்த்தெரு சின்னபொண்ணைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

வக்கீல் சவுரிராயனைக் கேட்டேன். "உள்ளதைச் சொன்னா அதை வச்சி உன்ன ஒண்ணும் பண்ண முடியாது. பொய் சொன்னீனா அதுக்கே கேஸு" என்றார். மாமாவின் வக்கீல் உங்களுக்குப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மாமா தரப்பைக் கேட்காமல் ஆணையம் அவர்மேல் குறை எழுதாதாம். அவரே வந்து சொல்லட்டும்.

சின்னபொண்ணு புருஷன் மாரியப்பன் ஒவ்வொரு விசாரணைக்கும் வந்து முன்வரிசையில் உட்காருகிறான். அவன் எதிரில் எப்படிப் பொய் சொல்வேன், அக்கா?

உன் தம்பி
தேவா

திண்டிவனம்,
2.9.2025

தம்பிக்கு,

சொல்லிவிட்டாய். மாமா பெயரையும் சொல்லி, என் போன் என்றும் சொல்லிவிட்டாய். இப்போது எனக்கும் சம்மன். வராவிட்டால் பிடித்துக்கொண்டு வர உத்தரவு போடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டாம்.

மாமியார் என்னோடு பேசுவதில்லை. உன் மாமா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்?

ரோஜா

காணை,
19.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று விழுப்புரத்தில் ஆணைய விசாரணையில் நானும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு, "அன்னிக்கு என் போன்லேர்ந்து யாரும் பேசலைங்க" என்றாய். ஐயோ அக்கா! உன் குரலா அது என்றிருந்தது எனக்கு.

நீ சொன்னது நின்றால் நான் சொன்னது பொய்யாகிறது. பொய்க்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது. ஆணையம் கேட்டால் போன் கம்பெனி ரெக்கார்டைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு சவுரிராயன் வருகிற வெள்ளிக்கிழமை மனு போடுகிறார். ரெக்கார்டு வந்தால் கேஸ் உன்மேல் திரும்பும். அதற்குள் நீயே போய், பயத்தில் சொல்லிவிட்டேன் என்று திருத்திச் சொல்லிவிடு. உன் காலில் விழுகிறேன். வர பயமாக இருந்தால் நானே வந்து கூட்டிப்போகிறேன்.

தேவா

திண்டிவனம்,
23.9.2025

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் மாமா பார்க்கவில்லை.

மனுவைப் போடச் சொல். நான் திருத்திச் சொல்லப் போவதில்லை. நானே போய்ச் சொன்னால் புருஷனைக் காட்டிக் கொடுத்தவளாக இந்த வீட்டில் நான் காலந்தள்ள வேண்டும். ரெக்கார்டு வந்து சொன்னால் ரெக்கார்டு சொன்னதாகப் போகும். நீயும் பொய்யன் ஆக மாட்டாய். மாரியப்பனுக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

கேஸ் வந்தால் என்மேல் வரட்டும். புருஷனுக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளுக்கு இங்கே ஒரு வாய் சோறு போடுவார்கள்.

வெள்ளிக்கிழமையைத் தள்ளிப் போடாதே. இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

அக்கா