ஜீப்பில் ஏறியவர்கள்

இன்று காலை எதிர்ச்சுவரில் இரண்டு பேர் தேர்தல் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாடை ஜன்னல் வழியாக வந்தது. உடனே உன் ஞாபகம். நீ போய் மூன்று வருஷமாகிறது. நீ இருந்தபோது சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். எழுதினாலாவது எனக்குத் தெளிகிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் வந்த தேர்தல் அது. நீயும் நானும் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே எதிரெதிரே உட்கார்ந்து, தரம் பார்த்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நம் ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சுயேச்சையாக நின்றார். கட்சி கிடையாது, கொடி கிடையாது, குடைச் சின்னம். குரங்கணியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் பேச்சு. உன் தங்கை மலையில் வலியெடுத்துத் துடித்தபோது, அடைமழையில் ஏறி வந்து, தூளி கட்டித் தூக்கிவரச் செய்து காப்பாற்றியவர் அவர். நீ அவருக்காக இறங்கியதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

நமக்கு மேடையேறிப் பேசத் தெரியாது. தெரிந்ததைச் செய்தோம். உன் வீட்டு அடுப்பில் பசை காய்ச்சினாய். எட்டாவது வரை படித்திருந்த நான், வாக்காளர் பட்டியலைப் பார்த்து வீடுவீடாகக் கொடுக்கிற சீட்டுகளை எழுதினேன். வெயில் கொளுத்துகிற தெருவில் நீ குடையை விரித்துப் பிடித்தபடி வேலைக்கு வருவாய். "என்னத்தா, மழையா பேயுது?" என்று யாராவது கேட்டால் போதும்.

"பேயும்ணே. நீங்க குடையில குத்துங்க, அப்புறம் பாருங்க."

ஓட்டு நாளுக்கு முந்தின நாள் இருவரும் குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டுக்கு ஏறினோம். அங்கே வேலை பார்த்த பத்துப் பெண்களுக்குப் போடியில்தான் ஓட்டு. கூட்டிவர ஆளில்லாமல் ஒவ்வொரு தேர்தலிலும் விட்டுவிடுவார்கள். மறுநாள் விடிந்ததும் அவர்களைக் கூட்டிக்கொண்டு குரங்கணிக்கு இறங்கினோம். அங்கிருந்து ஏற்றிப்போவதாகச் சொன்ன லோடு லாரி உச்சிநேரம் வரை வரவில்லை. பத்து மைல். நடக்கத் தொடங்கினோம். அதில் ஒருத்தி ஏழு மாசக்காரி. அரை மைல் போவதற்குள் அவள் கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த ஜீப்பு வந்தது. கம்பவுண்டரை எதிர்த்து நின்ற கட்சிக்காரருடைய ஜீப்பு. டிரைவர் இறங்கி நின்றான்.

"ஏறுங்கத்தா, போடியில எறக்கி விடுறேன். ஆனா எங்க சின்னத்துலதான் குத்தணும். கையடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு ஏறுங்க."

நீ திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீயோ, "பண்ணிட்டு ஏறுங்க. வெரசா ஏறுங்க, நேரமாகுது" என்றாய்.

உன்னைத் தனியாக இழுத்தேன். "ஒனக்கென்ன கிறுக்கா? சத்தியம் பண்ணிட்டு இவளுக வேற எதுல குத்துவாளுக?"

"அவ காலப் பாருடி. நீயும் ஏறு. இவளுகளுக்குப் பூத்து தெரியாது."

"நீ?"

"நடந்து வர்றேன்."

ஜீப்பில் உனக்கும் இடம் இருந்தது. இருந்தும் நீ ஏறவில்லை. நானும் அவன் உள்ளங்கையில் கையடித்துவிட்டுத்தான் ஏறினேன். வெறும் வாய்ச்சொல்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பூத்துக்குள்ளே மறைவில் ஓட்டுச்சீட்டை விரித்தேன். குடை கண்ணுக்கு நேராக இருந்தது. இருபது நாள் அதற்காகத்தான் கை வலிக்க எழுதினேன். ஆனால் முத்திரையை ஜீப்புக்காரனின் சின்னத்தில் குத்திவிட்டு, மடித்துப் பெட்டியில் போட்டு வந்தேன். சத்தியத்துக்குப் பயந்தா? அந்தப் பத்துப் பேரும் வாக்கைக் காப்பாற்றும்போது நான் மட்டும் ஏமாற்றுவதா என்றா? இல்லை, உன்மேல் கோபமா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை.

நீ வந்து சேரும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. புழுதி முழங்கால் வரை. பூத்து வாசலில் நின்ற போலீஸ்காரர், சின்னத்தோடு வராதே என்று அதட்டும் முன்பே குடையை மடக்கிக்கொண்டாய். என் விரல் மையைப் பார்த்தாய்.

"எல்லாரும் போட்டாளுகளா?"

"போட்டாளுக."

"சரி" என்று உள்ளே போனாய்.

கம்பவுண்டர் தோற்றார். நம் பதினோரு பேரால் மாறுகிற தோல்வி இல்லை அது. நாலு நாள் கழித்துக் கிட்டங்கிக்கு வந்து நம் முன்னால் கை கூப்பினார். "மல வரைக்கும் ஏறி எறங்குனீங்களே தாயி. ஒங்க ரெண்டு பேரு ஓட்ட மறக்க மாட்டேன்." நான் காய்த் தட்டில் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சும்மா பார்த்தாயா, தெரிந்து பார்த்தாயா?

எதற்காக அவர்களை ஏற்றிவிட்டாய் என்று உன்னிடம் இரண்டு தடவை கேட்டேன். தேவாரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ்சில் சொன்னாய்: "புள்ளத்தாச்சிய நடக்க வச்சு ஜெயிச்சிட்டு, பிரசவ ஆஸ்பத்திரி கட்டுறதா?" அது எனக்குப் புரிந்தது. நாலைந்து வருஷம் கழித்து மறுபடி கேட்டபோது, "அப்படியா சொன்னேன்? லாரி வராத எரிச்சல்லதான் ஏத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேண்டி" என்றாய். இதில் எதை நான் வைத்துக்கொள்வது?

நான் யாருக்குக் குத்தினேன் என்று மட்டும் நீ கடைசிவரை கேட்கவேயில்லை. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கட்டும் என்றே நானும் இருந்துவிட்டேன்.

இப்போதும் ஒவ்வொரு தேர்தலிலும் தெருவில் நடக்க முடியாதவர்களைக் கைப்பிடித்துப் பூத்துக்குக் கூட்டிப்போகிறேன். எந்தக் கட்சிக்காரர் என்று பார்ப்பதில்லை. போன தடவை பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்ததும், யாருக்குப் போட்டாள் என்று சொல்ல வாயெடுத்தாள். "சொல்லாதத்தா" என்று தடுத்துவிட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு நல்லது செய்தேனா, வாயை அடைத்தேனா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.