மங்களம் பாடாத கச்சேரி

ஞாயிறு, மார்ச் 8

காலையிலிருந்து தூறல். குடையை மண்டபத்தில் மறந்து வந்தேன். இதுவே முதல் தடவை.

செயலாளர் என்ற முறையில் சபைக்கு எழுதவேண்டிய அறிக்கை நாளை. இது எனக்கு மட்டும்.

சபையின் இசைவிழாவில் முதல் ஞாயிறு, பொபினி மண்டபம். பாட்டு அருளினி. இங்கேயே, பிரெஞ்சு மண்ணில், பிறந்த பிள்ளை. பகலில் மருந்துக்கடை வேலை. மிருதங்கம் குகன். குறித்த நேரத்தில் தொடக்கம் (நம்மவரிடையே இதுவே ஒரு செய்தி). காம்போதி அபாரம். தனி ஆவர்த்தனம் அதைவிட.

அதன்பின் வழக்கம்போலப் பொன்னாடை. போர்த்தியவர் சபைப் புரவலர் தெய்வேந்திரம். நம்மவர் கடைத்தெருவான லாச்சப்பலில் இரண்டு உணவகங்கள். விழாவின் வடையும் தேநீரும் அவர் உபயம். குகனுக்குப் போர்த்தியபோது ஒலிவாங்கியைத் தானே பிடித்துக்கொண்டார்:

"இவன் ஆரெண்டு நினைக்கிறியள்? என்ரை கடைப் பெடியன். ஏழு வருசமா என்னோடைதான்."

பலத்த கைதட்டல்.

பிறகு இரண்டு துக்கடா, ஒரு தில்லானா. அடுத்து மங்களம். அருளினி சுருதிப்பெட்டியை நிறுத்தினாள். சொன்னதை உடனே நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்:

"குகன் அண்ணா ஏழு வருசமா அந்தக் குசினியிலை கோப்பை கழுவுறார். ஒரு மாசத்துக்கும் சம்பளத் துண்டு குடுக்கேல்லை. துண்டு இல்லாட்டி விசா இல்லை. சே பா நொர்மால், இது நியாயமில்லை. அந்தத் துண்டு வரும்வரைக்கும் நான் மங்களம் பாடமாட்டன்."

கும்பிட்டாள். இறங்கிப் போய்விட்டாள்.

ஒருவரும் எழும்பவில்லை. மங்களம் இல்லாத கச்சேரியிலிருந்து எப்படி எழும்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. மண்டபம் நிறைய வடை வாசம், மண்டபம் நிறைய ஆட்கள், எல்லாரும் மடியில் கைப்பையோடு. தலைவர் இராசநாயகம் அண்ணை தொலைபேசியில் ஒரு மங்களத்தைத் தேடிப்பிடித்து ஒலிவாங்கியருகே வைத்தார். முதலில் வந்தது பிரெஞ்சில் மெத்தை விளம்பரம். மெத்தைக்கே சனம் எழும்பிவிட்டது.

இருபது வருடமாக இந்தச் சபையில் இருக்கிறேன். இப்படி ஒரு மாலை இருந்ததில்லை.

திங்கள், மார்ச் 9

வெயில். அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்புகள். ஒன்றில் தந்தையின் பெயரை இரு முறை எழுதிவிட்டேன். கிழித்துப் புதிதாக.

கைத்தொலைபேசி ஓயவில்லை. குழுக்களில் குரற்பதிவுகள். மறக்குமுன் சில:

– "மெட்ரோக்காரர் மாதிரி ஸ்ட்ரைக் அடிக்கிறா. சங்கீதமோ இது, ரயிலோ?"

– "கோப்பை கழுவாமல் இஞ்சை ஆர் வந்தது? நாங்கள் கழுவேல்லையோ?"

– "வாய்க்கொழுப்பு. இனி ஒரு மேடையிலையும் ஏத்தக்கூடாது."

– "மங்களம் பாடாட்டி ஆருக்குக் கூடாது? பாடினவவுக்கோ, கேட்ட எங்களுக்கோ? ஆராவது ஐயரைக் கேட்டுச் சொல்லுங்கோ."

கடைசிக் கேள்விக்குத்தான் பதில்கள் மிக அதிகம். தெய்வேந்திரத்தின் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவருடைய மனைவி முதல்வரிசையில் இருந்து கேட்டவர், நேற்றிரவு சாப்பிடவில்லையாம்.

அருளினியின் குருவும் ஒரு பதிவு விட்டிருக்கிறார்: "அவ என்ரை பேரைச் சொல்லவேண்டாம்." மருந்துக்கடைக்குள் இருவர் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்கள். முதலாளி பிரெஞ்சுக்காரி, மருந்துச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வெளியே விட்டாளாம்.

வீட்டில் மனைவி வதனிக்கும் அமைதி இல்லை. "இஞ்சருங்கோ, எனக்கு ஏதோ அடுப்பை நிப்பாட்டாமல் வந்தமாதிரிக் கிடக்கு. நீங்களாவது ஒருக்காப் பாடிவிடுங்கோவன்." பாடினேன். முதல் வரியிலேயே போதும் என்றாள்.

புதன், மார்ச் 11

காற்று. இராசநாயகம் அண்ணை அழைத்தார். வெள்ளி செயற்குழுக் கூட்டம். தீர்மானம்: அருளினிக்கு ஆயுட்காலத் தடை, வரும் ஞாயிறு சார்செலில் அவள் பாடவிருக்கும் விழாவின் அடுத்த கச்சேரி ரத்து.

"தம்பி, நீர் ரெண்டு வரி எழுதிக்கொண்டு வாரும். அஞ்சு நிமிச வேலை."

"அண்ணை, சம்பந்தப்பட்டவரை நேரில் கேட்காமல் தண்டிக்கச் சபையின் சட்ட யாப்பில் இடமில்லை."

"யாப்பை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப நீரே மாத்தும்."

மாற்றுவதற்குப் பொதுக்கூட்டம் வேண்டும் என்றேன். அண்ணை வைத்துவிட்டார். எழும்பி யாப்பைத் தேடி எடுத்தேன். பத்தொன்பது வருடம் அலுமாரியில் கிடந்த யாப்பு. பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன.

பிற்பகல் குகன் அலுவலகத்துக்கு வந்தான். ஈரமான சப்பாத்து, கதிரையில் இருக்கவில்லை. உணவகத்தில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பொபினி பிரெபெக்த்தூர் அரச அலுவலகத்தில் விசாவுக்கான நேர்காணல் அடுத்த மாதம். சம்பளத் துண்டு இன்றிப் போனால் விண்ணப்பத்தையே பார்க்கமாட்டார்கள். தள்ளிவைத்தால் அடுத்த நேரம் எப்போது கிடைக்கும் என்று எவருக்கும் தெரியாது.

நான் கேட்டேன், அவள் உன்னைக் கேட்காமலா சொன்னாள் என்று.

"கேட்டுத்தான் சொன்னவ, ஐயா. நான்தான் ஓமெண்டனான். இப்ப எல்லாரும் அவவைத்தான் ஏசுகினம். என்னை ஒருத்தரும் ஏசேல்லை. அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு."

தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனான். தடுத்து நானே கழுவினேன்.

வெள்ளி, மார்ச் 13

கூட்டம் மாலை ஆறுக்கு, லாச்சப்பலில், சபை அறையில். கழுத்துப்பட்டி கட்டினேன். வதனி: "கூட்டத்துக்கோ, பொம்பிளை பாக்கவோ?"

ஏழு உறுப்பினர்கள், தெய்வேந்திரமும் அதில் ஒருவர். அருளினி மருந்துக்கடைச் சட்டையோடு நேரே வந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார் தலைவர்.

"எதுக்கு, அங்கிள்?"

"மங்களத்தை நிப்பாட்டினதுக்கு."

"கச்சேரி நல்லா முடிஞ்சால்தானே மங்களம். எனக்கு நல்லா முடியேல்லை."

தெய்வேந்திரம் மெதுவாக: "பிள்ளை, நான் அவனுக்குச் சோறு போட்டனான். படுக்க இடம் குடுத்தனான். அகதிக் காம்பிலையிருந்து நேரை என்னட்டைத்தான் வந்தவன். அதையும் மேடையிலை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்," என்றாள். "துண்டையும் குடுத்திருக்கலாம்."

தெய்வேந்திரத்தின் முகம் இறங்கியது. பொய்யான மனிதர் அல்லர் அவர்; நன்றியை மாதாமாதம் வாங்கிப் பழகியவர். கேட்க எனக்குச் சங்கடந்தான். ஆயினும் வாக்கெடுப்பு வாக்கெடுப்பே.

தடைக்கு ஆதரவாக நான்கு கைகள். எதிராக, என் கையையும் சேர்த்து, மூன்று. இராசநாயகம் அண்ணை நிறைவேறியது என்று வாயெடுத்தார். நான் எழுந்தேன். பதினோராம் பிரிவு: தன்னைத் தொட்ட விடயத்தில் எந்த உறுப்பினரும் வாக்களிக்கலாகாது. ஒருகாலத்தில் மண்டப வாடகைச் சச்சரவொன்றுக்காக எழுதிய வரி. புரவலரின் கை கழியும். மூன்றுக்கு மூன்று. சமமாயின் தீர்மானம் வீழும்.

"உதெல்லாம் இப்பதான் எழுதினதோ?"

"இல்லை அண்ணை. கீழே உங்கள் கையொப்பம் இருக்கிறது."

தெய்வேந்திரம் எழும்பினார். ஞாயிறு வடை வராது என்றார். அவ்வளவே. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

படிக்கட்டில் அருளினி: "மெர்சி, அங்கிள். நீங்களும் என்ரை பக்கமோ?"

யாப்பின் பக்கம் என்றேன். சிரித்தாள். பொய் சொன்னேனோ என்ற ஐயம் வீடு வரை கூடவே வந்தது. ரயிலில் இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கினேன். சினம் வரவில்லை, தனியே சிரிப்பு வந்தது.

ஞாயிறு, மார்ச் 15

தெளிந்த வானம். சார்செல்.

புறக்கணிப்பார்கள் என்று பயந்தேன். கதிரை போதவில்லை. வரமாட்டோம் என்று பதிவு விட்டவர்கள் எல்லாரும் முன்வரிசைக்கு நேரத்தோடு வந்துவிட்டார்கள். ஆர்ஜொந்தெயிலிருந்து ஒரு குடும்பம் முழுதாக. "இண்டைக்கு பாடுவாவோ, மாட்டாவோ?" வாசலில் இதே பேச்சு. வதனியும் அயல் பெண்களும் ரோல்ஸ் பொரித்திருந்தார்கள். அவள் இதற்குச் சம்மதிப்பாள் என்று நான் எண்ணவில்லை. "சனம் பட்டினியா ஏசக்கூடாது" என்பது அவள் விளக்கம்.

தெய்வேந்திரம் இல்லை. மனைவி வந்திருந்தார், தனியே, முதல்வரிசையில்.

பாட்டு நடுவில் பின்னாலிருந்து ஒருவன் கூவினான். குகன் தாளத்தை விடவில்லை. இன்னும் அழுத்தி வாசித்தான். கூவல் நின்றது. தில்லானா. பிறகு அருளினி குகனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்: இல்லை. சுருதி நின்றது.

மறுபடியும் ஒருவரும் எழும்பவில்லை. தலைவர் தொலைபேசியை எடுக்கக் கண்டேன். மண்டபக் காவலாளி கதவருகே நின்று, முடிந்துவிட்டதா, கதிரைகளை அடுக்கலாமா என்று கையால் கேட்டான். முடிவை அறிவிப்பது செயலாளரின் கடமை. மேடையேறினேன். எழுதி வைத்திருந்தது நன்றியுரை. வாயில் வந்தது வேறு.

"மதிப்புக்குரியவர்களே. மங்களம் பாடப்படாத கச்சேரியை முடிந்ததாக அறிவிக்க எனக்கு அதிகாரமில்லை. ஆகவே இக்கச்சேரி முடியவில்லை. ஒத்திவைக்கப்படுகிறது. குகனின் சம்பளத் துண்டுகள் கிடைத்த மறு ஞாயிறு, விட்ட இடத்திலிருந்து தொடரும்."

என் குரல் எனக்கே புதிது. மறுபடி சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பேன்.

ஏசுவார்கள் என்று காத்து நின்றேன். முன்வரிசையில் தெய்வேந்திரத்தின் மனைவி எழும்பினார்.

"தம்பி, பிள்ளைக்கு கலியாணம் வருது. அதுக்கு முதல் கச்சேரி முடியுமோ?"

"அது என் கையில் இல்லை, அக்கா."

அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். ரோல்ஸ் எடுக்காமல் போனார். பின்னாலேயே வேறு சில பெண்களும். போன வேகத்தைப் பார்த்து வதனி சொன்னாள்: "பாவம், வீட்டிலை அந்த மனுசன்."

திங்கள், மார்ச் 16

மழையா வெயிலா, கவனிக்கவில்லை.

காலை தேநீருக்குமுன் தெய்வேந்திரம் அழைத்தார். வணக்கம் சொல்லவில்லை. கணக்கெழுதும் கொம்தாப்ளுக்குப் பக்கத்தில் இருக்கிறாராம். பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரி விசைப்பலகையைத் தட்டும் சத்தம். அதற்கும் பின்னால் அவர் மனைவியின் குரல்.

"செயலாளர், அந்தத் துண்டு எத்தினை மாசத்துக்கு வேணுமாம்?"

"அவன் வேலை செய்த எல்லா மாதத்துக்கும்."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, என்னிடம் அல்ல, அந்தப் பெண்ணிடம், பிரெஞ்சில்: "தொடக்கத்திலையிருந்து, மதாம்."