நடுப்பகுதியை முழுங்கிய கதை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம், கையெழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே பிழைக்க வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் கதை சொல்லக் கற்றுத்தருகிறேன். தொடக்கம், சிக்கல், முடிவு என்று தொண்டை வற்றக் கத்தியபின், சலவைக்கடைக்காரர் எழுந்து ஒரு கதை சொன்னார்.

"ஒருத்தன் கப்பல் ஏறினான். கப்பல் மூழ்கிடுச்சு. இப்ப நல்லா இருக்கான்."

"நடுவுல என்னங்க ஆச்சு?" என்றேன்.

"அதைச் சொன்னா ஊர்ல அம்மா பயந்துடுவாங்க, டீச்சர்."

வகுப்பே ஆமாம் போட்டது. நடுப்பகுதியை முழுங்கினால் அது கதையே இல்லை என்று எல்லோரையும் ஒரு பிடி பிடித்தேன்.

மணி அடித்துவிட்டது. முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி இரண்டு அனுப்பு. ஒரு கையாலேயே மாட்டும்படி இருக்கட்டும். போன வாரம் பள்ளி மாடிப்படியில் இறங்கினேன். இப்போது நலம்.

உன் மூத்தவள்