பின்லாந்து சி.டி.யில் இல்லாத மெட்டு

பிரியமுள்ள மாமாவுக்கு,

போன இடத்தில் நீங்கள் நிம்மதியாக இருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள். எதையும் கேட்டவுடன் நம்புகிற ஆள் நானில்லை, உங்களுக்கே தெரியும். இப்போது உங்கள் மேலேயே சந்தேகம் வந்திருக்கிறது.

நேற்று உங்கள் முதுநகர் வீட்டில் அக்கா பீரோவைத் திறந்து அந்த சி.டி.யைக் கொடுத்தாள். பின்லாந்துக்காரர் ஒருவர் இந்தக் காலத்தில் எழுதிய சிம்பொனிகள், பெரிய இசைக்குழு வாசித்தது. சிதம்பரம் கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர் கொடுத்தார் என்று சொல்லி, அதிலிருந்து ஒரு மெட்டை நம் சர்ச் கொயருக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதே சி.டி. அன்றுமுதல் எந்த அடக்கத்துக்கும் அந்த மெட்டுதான். உங்களுக்கும் அதைத்தான் வாசித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் முப்பதாம் நாள் பூசை. வாசிக்குமுன் அந்தப் பின்லாந்துக்காரர் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும், சி.டி.யைக் கொண்டு வா என்றார் கொயர் மாஸ்டர். கொடுப்பதற்கு முன் போட்டுக் கேட்டேன்.

முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன் மாமா. நம் மெட்டு அதில் இல்லை. டிஸ்க் மாறிவிட்டதோ என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மாறவில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, அப்படித் துண்டு துண்டாகத் திரும்பவும் கேட்டேன். எங்கேயும் இல்லை.

அப்போதுதான் பழையதெல்லாம் உறுத்தியது. யார் இரவல் கேட்டாலும் கீறல் விழும் என்று கொடுக்கவே மாட்டீர்களே, ஏன்? அந்த சி.டி. வருவதற்கு முந்தின தவக்காலத்தில் நீங்களே போட்ட மெட்டு என்று ஒன்றைக் கொண்டுபோனீர்கள். சினிமாப் பாட்டு மாதிரி இருக்கும் என்று மாஸ்டர் கேட்காமலே தள்ளிவிட்டார். பின்லாந்து என்றதும் அதே ஆள் எழுந்து நின்று கேட்டார். என்ன வேலை பார்த்தீர்கள் மாமா?

அக்காவைக் குடைந்தேன்.

"பாப்பாவ தொட்டில்ல ஆட்டும்போதே அவரு அதத்தான பாடுவாரு. இந்த சி.டி. எல்லாம் அப்புறம் வந்ததுடா" என்றாள், சாதாரணமாக.

உங்கள் பாப்பா இப்போது காலேஜ் போகிறாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வயலின் வாசித்தவன் நான். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? நம்பவில்லையா, இல்லை தோண்டித் துருவுவேன் என்று பயமா?

உண்மையைச் சொன்னால் ஊர் உங்களைப் பொய்யர் என்னும். முப்பதாம் நாள் அதுவுமாக அது தேவையா என்று அக்காவிடமே கேட்டேன். அவள் அழவில்லை.

"பொய் சொன்னாருன்னு பேசுனா பேசிட்டுப் போறாங்க. அதுக்காக அவரு போட்ட பாட்டுக்கு வேற ஒருத்தரு பேரச் சொல்லி, அவரு பூசையிலயே வாசிப்பீங்களா?"



ஞாயிறன்று மாஸ்டர் கையிலிருந்து மைக்கை நான் வாங்குவேன் மாமா. அவர் எதிரிலேயே உங்கள் பெயரைச் சொல்வேன். சொன்ன பிறகுதான் வயலின் வில்லைக் கையில் எடுப்பேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மச்சினன்