என்னைத் தெரியாத மச்சான்

14.09.1997, ஞாயிறு

உக்குவளையின் சக்கரவர்த்தியாகிய நான் இன்று நாலந்தா சோதனைச்சாவடியில் மூன்று மணி நேரம் தலையில் கை வைத்து நின்றேன். வேனுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் ஃபைபர் கிளாஸ் கேரவன்தான் காரணம். உள்ளே வெயில் கொதிக்காதிருக்க, சுவரில் நுரை அட்டை வைத்து மேலே பிளைவுட் அடித்திருந்தேன். ஆமிக்காரன் தட்டினான். பொந்துச் சத்தம் கேட்டது. உள்ளே ஒரு பட்டாளமே படுத்திருப்பதுபோல, என் ஒரு மாத வேலையை ஐந்து நிமிடத்தில் பிய்த்தெறிந்தான். நுரையைத் தவிர ஒன்றுமில்லை.

அப்போதே விட்டிருப்பான். கூட வந்தவன் யாரென்று கேட்டான். மனைவியின் தம்பி, அப்பாவி என்றேன். அந்த அப்பாவியோ, தனியாகக் கேட்டபோது, என்னை யாரென்றே தெரியாது, வழியில் ஏறினேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். இரண்டு அடையாள அட்டையிலும் ஒரே விலாசம்! சந்தேகம் மலையாக வளர்ந்தது.

ஒருவழியாக விட்டார்கள். திரும்பும்போது கேட்டேன். “ஏன்டா அந்தோனி அப்படிச் சொன்ன?”

“ரெண்டு பேரையும் புடிச்சிட்டா அக்காவுக்கு யாரு மச்சான் சேதி சொல்றது?”

“சேதி சொல்லப் பொறந்த தூதுவனே, வாய மூடுறா!”

வீட்டில் என் மனைவி, “பாவம், புள்ள பயந்துட்டான்” என்று அவனுக்கு இரண்டாம் முறை சோறு போட்டாள். எனக்கும்தான் உயிர் போய்த் திரும்பியிருந்தது. அந்தப் பயல் இன்னொரு அப்பளம் கேட்டான்.