துணைக்குப் போனவருக்கு வந்த வேலை

இறைவன் துணை

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற நேரக் காப்பாளரின் மனைவி, இல்லத்தரசி,
பேருந்துப் பணிமனைக்கு எதிர்த்தெரு,
வெளிப்படிக்கட்டு உள்ள மாடி வீடு.

பெறுநர்:
மண்டல மேலாளர் அவர்கள்,
போக்குவரத்துக் கழக மண்டல அலுவலகம்.

பொருள்: நேரக் காப்பாளர் பணிக்கு நேர்காணலுக்குச் சென்ற என் மருமகளை ஒரு கேள்வியும் கேட்காமல் திருப்பி அனுப்பி, அவளுக்குத் துணையாகச் சென்ற என் கணவருக்கு அவ்வேலையைக் கொடுத்தது, நேர்காணலை முறைப்படி நடத்த வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் மளிகைப் பொட்டலம் கட்டிவந்த தாள்களிலும் என் மகனின் பாடப் புத்தகங்களிலும் நானே எழுத்துக்கூட்டிப் படித்தது. ஆனாலும் மனு எழுதுவது எனக்குப் புதிதல்ல. எங்கள் தெருவிளக்கும், முனையில் உள்ள வேகத்தடையும் என் மனுக்களால் வந்தவை. இதுவும் நடக்கும் என்ற நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன்.

1. என் கணவர் எதிரே, பேருந்து நிலையத்தோடு சேர்ந்திருக்கும் தங்கள் கிளைப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவரை "டைம் அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டு வரவு செலவை எழுதுகிறவள் என்ற முறையில், எங்கள் இருவர் வயிற்றுப்பாட்டுக்கு அது போதும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

2. என் மருமகள் பட்டம் படித்தவள். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் கணினி வகுப்புக்கும் போய்த் தேறினாள். தங்கள் பணிமனை வாசலில் நேரக் காப்பாளர் இடம் காலி என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து விண்ணப்பித்தாள். அறிவிப்பில் சொல்லப்பட்ட வயது வரம்பை அவள் இந்த மாதக் கடைசியில் தாண்டுகிறாள். அதற்குப் பிறகு இந்தக் கழகத்தில் எந்த வேலைக்கும் அவளால் விண்ணப்பிக்க முடியாது. ஐயா அவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

3. நேர்காணலன்று தனியாகப் போக அவளுக்குப் பயமாக இருந்தது. என் மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "நீ தைரியமா வாம்மா, அந்தக் கேட்டைத் தாண்டிட்டா எனக்கு ஒவ்வொரு தூணும் தெரியும்" என்று என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு துணைக்குக் கிளம்பினார். மேலாளர் அறை மாடியில் இருக்கிறது. அதற்குப் போகும் படிக்கட்டின் கீழே, நேர அலுவலகத்தை ஒட்டி ஒரு பெஞ்சு கிடக்கிறது. அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சின்ன வயதுக்காரர்கள். அவர்களோடு என் கணவரும் மருமகளின் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

4. நேர அலுவலகத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லாததால்தானே அறிவிப்பே ஒட்டினார்கள். உள்ளே தொலைபேசி அடித்திருக்கிறது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்திருக்கிறது. என் கணவருக்குத் தொலைபேசி அடித்தால் உட்கார்ந்திருக்க வராது. எழுந்து போய் எடுத்தார். ஏதோ ஒரு பேருந்து வழியில் நின்றுவிட்டதாம். நாற்காலியில் உட்கார்ந்தார், வேறொரு வண்டியை மாற்றி அனுப்பினார், மைக்கைப் பிடித்துப் பயணிகளுக்கு அறிவித்தார். "அட, நம்ம டைம் அண்ணன் குரலு!" என்று ஓட்டுநர்கள் சன்னலில் வந்து கூடிவிட்டார்கள். கிளை மேலாளரும் மாடியிலிருந்து இறங்கி வந்து, "வாங்க சார், உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் இத்தனை நாளா தேடிட்டு இருந்தேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "இடம் நிரம்பிடுச்சு, எல்லாரும் கிளம்பலாம்" என்றார்.

5. என் மருமகள் சன்னலுக்கு வெளியே நின்று, "மாமா, என் சர்ட்டிபிகேட்டு..." என்று கேட்டிருக்கிறாள். அவர் தலையை நிமிர்த்தாமலே, "ஒரு நிமிஷம்மா, பதினேழாம் நம்பர் கிளம்பிடட்டும்" என்றாராம். பதினேழு கிளம்பும் வரை நின்று, கோப்பையும் அவர் விட்டுவிட்டுப் போன குடையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் என்றாவது ஒரு நாள் அவள் குரல் கேட்கும் என்று காத்திருந்தவளுக்கு என் கணவர் குரல் கேட்டது. ஐயா, வேலை கேட்டுப் போனவள் குடையோடு திரும்பினாள். குடையோடு போனவர் வேலையோடு திரும்பினார்.

6. அன்று சாயங்காலம் அவர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். "மைக்குல நான் பேசினது இங்க வரைக்கும் தெளிவா கேட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். அவரைக் குறை சொல்லி இம்மனுவை எழுதவில்லை. ஓய்வு பெற்ற பின் வீட்டில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். பால்காரர் வரும் நேரத்தைச் சுவரில் குறித்துவைத்து, தாமதமானால் விளக்கம் கேட்டவர். அந்தப் பால்காரர் இன்றைக்கும் தெருவில் முதல் பால் எங்கள் வீட்டுக்குத்தான் ஊற்றுகிறார். இப்போது தினமும் முகம் மழித்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போகிறார். அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது என் மருமகள். "மாமா சந்தோஷமா இருக்காங்க, விடுங்க அத்தை" என்கிறாள். டப்பாவை மூடிவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறாள். நான் முகத்தைப் பார்க்கக் கூடாதாம்.

7. இந்த வேலைக்காக நான் விரதமிருந்து வேண்டியது உண்மை. "இந்த வேலை எங்க வீட்டுக்கு வரணும் சாமி" என்று கேட்டேன், வந்தது. ஆண்டவனிடம் முகவரியைச் சொன்ன நான் ஆளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆனால் தங்களிடம் விண்ணப்பத்தில் ஆளையும் சொல்லியிருந்தோம், புகைப்படமும் ஒட்டியிருந்தோம்.

8. மறுநாள் நான் கிளை மேலாளரை நேரில் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "ஒரே வீடுதானேம்மா, இந்தக் கையில கொடுத்தா என்ன, அந்தக் கையில கொடுத்தா என்ன?" என்றார். "உங்க சம்பளத்தை உங்க மச்சான் கையில கொடுத்துட்டு, ஒரே குடும்பம்தானேன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா சார்?" என்று கேட்டேன். பக்கத்து மேசைக் குமாஸ்தா சிரித்துவிட்டார். பிறகு மேலாளர், "புதுசா ஒருத்தரை எடுத்தா பழக்கணும்மா. சாருக்கு அந்தத் தொல்லை இல்லை" என்றார். வேலைக்கு எடுக்காமல் ஒருவர் எப்படிப் பழகுவார்? என் கணவரே பணியில் சேர்ந்த புதிதில் ஒரே வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்களை அனுப்பி, இருவரும் சாவிக்காகச் சண்டை போட்ட கதையை எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்றைய மேலாளர் அதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் இன்றைக்குத் தேடிப்பிடிக்க ஒரு டைம் அண்ணன் இருந்திருக்க மாட்டார்.

9. ஓய்வு பெற்றவரைத் தற்காலிகமாக மறுபடி வேலைக்கு வைத்தால் விடுப்புச் சம்பளம் வேண்டாம், சேமநிதி வேண்டாம், ஊதிய உயர்வு வேண்டாம் என்பதும் எனக்குத் தெரியும். கணக்கு எழுதுகிறவளுக்கு இது புரியாமல் போகாது. சிக்கனம் நல்லதுதான். ஆனால் என் மருமகளைப் பார்த்து வயது கூடிவிட்டது என்று அடுத்த மாதம் தங்கள் கழகம் சொல்லும். என் கணவருக்கோ வயது கூடியதே தகுதியாகிவிட்டது. இந்த இரண்டும் ஒரே அலுவலகத்தில் நியாயமாக இருக்க முடியாது.

10. ஓய்வு பெற்றவர்களை எல்லாம் வெளியேற்றுங்கள் என்று நான் கேட்பதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். பணிமனை வாசலில் இருக்கும் காவலாளிப் பெரியவருக்கு ஓய்வூதியம் கிடையாது. படுத்த படுக்கையான மனைவிக்கு அவர்தான் மருந்து வாங்க வேண்டும். அவர் மேல் யாரும் கைவைக்கக் கூடாது. இல்லாதவர் தேவைக்கு உழைப்பது வேறு, இருப்பவர் பழக்கத்தில் போய் உட்கார்வது வேறு. அன்று பெஞ்சில் இருந்த பிள்ளைகளில் ஒருத்தி விடியுமுன்னே இரண்டு பேருந்து மாறி வந்தவள். திரும்பிப் போக எந்த நடைமேடை என்று அவள் என் கணவரிடமே கேட்டாளாம். அவரும் அன்பாக வழி சொன்னாராம்.

11. ஆகவே, அன்று அழைக்கப்பட்ட அத்தனை பேருக்கும் இந்த மாதம் முடிவதற்குள் நேர்காணல் நடத்தி, தகுதியானவருக்கு இந்தப் பணியிடத்தை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மருமகளுக்குச் சலுகை கேட்கவில்லை. மாடிப்படி ஏறி அந்த அறைக்குள் போய், கேட்கிற கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வேறு பிள்ளைக்குக் கிடைத்தாலும் அவளை நான் சமாதானப்படுத்திக்கொள்வேன்.

12. இம்மனுவை அனுப்புமுன் என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவருக்குத் தெரியாமல் நான் எதையும் அனுப்புவதில்லை. "என்னடி இது, என் மேலேயே மனுவா?" என்றார். "உங்க மேல இல்லைங்க, உங்களை உட்கார வச்சவங்க மேல" என்றேன். "நான் வேலைக்கு ஆகாதவன்னு எழுதலையே?" என்று கேட்டார். "ஆகாதவரா இருந்தா மனுவே தேவைப்பட்டிருக்காதே" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு பணிக்குப் போனார். அன்று ஒலிபெருக்கியில் அவர் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறங்கிக் கேட்டது. திரும்பி வந்து காபி குடித்த பிறகு, இதையும் சேர்த்துக்கொள் என்று சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "மைக் பொத்தானை ஒரு தடவை அழுத்தினா வேலை செய்யாது, ரெண்டு தடவை அழுத்தணும். மூணாவது நடைமேடைக் கடிகாரம் பின்னாடி ஓடுது, அதை நம்பக் கூடாது. புதுசா வர்றவங்களுக்கு இதை யாரும் சொல்ல மாட்டாங்க, நீ எழுதிடு."

"புதுசா வர்றவங்க" என்று அவர் வாயாலேயே சொன்னதை அவருடைய விலகல் கடிதமாகத் தாங்கள் ஏற்றுக்கொள்ளலாம். தனியாக எழுதிக் கொடுக்கச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

மாதக் கடைசிக்குள் தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
டைம் அண்ணனின் மனைவி,
விண்ணப்பதாரரின் மாமியார்.

இடம்: பணிமனை எதிர்த்தெரு
தேதி: இம்மாதம் ஒன்பதாம் நாள்