மேசைமேல் என் கண்ணாடி

என்னங்க,

மாதுளை உரித்து வைத்திருக்கிறேன். கீரையையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். "ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டாச்சு, இனி எதுக்கு நடை?" என்று நேற்று கேட்டீர்களே, அந்தக் கோபம் இன்னும் பாதிதான் ஆறியிருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ஒரு தடவை போதாதா? "அதெல்லாம் பழத்துல, காய்கறியில வரட்டும், தினமும் நடங்க" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாரே! மாத்திரை டப்பாவில் இப்போது உலர்திராட்சைதான் இருக்கிறது. வண்டிச் சாவியைத் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது.

ஓரத்தில் இன்னொன்று: மேசைமேல் இருக்கும் என் கண்ணாடியை மறந்துவிட்டுப் போகவில்லை. அது இல்லாமல் எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது. என் தையல்கடைக்கு மெதுவாக நடந்தே கொண்டுவாருங்கள். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். தூரத்தில் வரும் உங்களைப் பார்க்க எனக்குக் கண்ணாடி வேண்டாம்.